ஒரே ஞாயிறில் இரண்டு சீட்டு

பீர்க்கன்கரணை
3-8-2025

என் செல்ல மகன் ஷெர்வினுக்கு அப்பா எழுதுவது.

இது என் கையெழுத்துதான். சபையில் நடக்கும் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் எனக்கு எழுத வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. பஸ் பலகை, மாத்திரை அட்டை, எதையும் விடாமல் படிக்கிறேன். உன் தங்கை கெசியா சிரிக்கிறாள்.

உன் கம்பெனியில் நீ சிபாரிசு செய்தபடி, அவர்களுடைய சிறுசேரி ஆபீசில் அவள் சேர்ந்துவிட்டாள். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. நீதான் போன் செய்வதே இல்லை. ஏன்?

உன் அப்பா,
ஞானையா

நியூஜெர்சி
25-8-2025

அன்புள்ள அப்பா,

உங்கள் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

எங்கள் பிரிவின் வேலை முழுவதையும் சிறுசேரிக்கு மாற்றுகிறார்கள். அங்கே சம்பளம் குறைவு, அவ்வளவுதான் காரணம். அங்குள்ளவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரை வழியாகக் கற்றுக்கொடுத்துவிட்டு நான் வெளியேற வேண்டும். திரையில் வந்த முதல் முகம் கெசியா. "அண்ணா, நீயா சொல்லித் தரப்போற? ஜாலி" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. சொல்லிவிடாதீர்கள்.

இப்படி வேலையை வெளியே அனுப்பும் கம்பெனிகளுக்கு வரி போடச் சொல்லி இங்கே மனு கொடுக்கிறோம். நானும் கையெழுத்துப் போட்டேன். வரி வந்தால் கெசியாவின் வேலை போகலாம். தெரிந்தேதான் போட்டேன், அப்பா.

ஷெர்வின்

பீர்க்கன்கரணை
21-9-2025

ஷெர்வின்,

நான் கெசியாவிடம் சொல்லவில்லை. போன ஞாயிறு, அவளுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்லி ஒரு ஸ்தோத்திரச் சீட்டும், உன் வேலை நிலைக்க ஒரு ஜெபச் சீட்டும் நானே எழுதிப் போதகரிடம் கொடுத்தேன். எழுதத் தெரிந்த பெருமையில் கம்பெனி பெயர் முதற்கொண்டு எழுதிவிட்டேன். ஆண்டவரிடம்தானே சொல்கிறோம் என்று நினைத்தேன். போதகர் சபைக்கு முன்னால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தார்.

"இன்னா ஞானையாண்ணே, ரெண்டும் ஒரே கம்பெனியா கீது. நான் எதுக்கு ஆமென் சொல்றது?" என்றான் பின்வரிசை லாசரஸ். விஷயம் புரிந்துபோய்க் கெசியா எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் ஏறவில்லை. "அண்ணன் சேர்ல போய் நான் உக்கார முடியாதுப்பா. நான் விட்டா அண்ணனுக்கே திரும்பக் குடுப்பாங்க" என்றாள். கொடுக்கவில்லை. அன்றைக்கே நித்யஸ்ரீ என்று ஒரு பெண்ணை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டார்களாம். நீ மறைத்ததுதான் கெசியாவுக்குக் கோபம். உன் போனை எடுக்கமாட்டேன் என்கிறாள்.

போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்காதே. நான் இருந்த பல்பு கம்பெனி வெளிநாட்டுச் சரக்கால் மூடினபோது, வரி போடச் சொல்லி நானும் தாம்பரத்தில் வெயிலில் நின்றேன். நீ கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த நித்யஸ்ரீக்கு முகம் சுளிக்காமல் ஒழுங்காகச் சொல்லிக்கொடு. அவள் வீட்டிலும் யாராவது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள்.

அப்பா