டேலியாவுக்குப் போட்ட கோட்டு

நம் வாசலை மணக்க வைத்த என் அருமை அத்தானுக்கு,

எழுபத்து நாலாம் வருஷம் பிறந்த கையோடு எழுதுகிறேன். இப்போது சொல்லப்போவதை நம் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் எழுதி, படிப்பகச் சுவரிலேயே ஒட்டிவிடப் போகிறேன். பொய் என்று நினைப்பவர்கள் நேரே உங்களிடம் வந்து விசாரித்துக்கொள்ளட்டும்.

ஆடி மழையில் நீங்கள் ஊன்றிய டேலியாக் கிழங்கு நினைவிருக்கிறதா? பங்களாத் தோட்டக்காரர் கொடுத்தது. "கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வாரப்ப செவப்பாப் பூத்து நிக்கும் தாயி" என்று மகள் செல்வியிடம் சத்தியம் செய்து, போடி ஹாஸ்டலுக்குப் பஸ் ஏற்றிவிட்டீர்கள். அடுத்த மாதமே நீங்களும் புறப்பட்டுவிட்டீர்கள். கொடுத்த வாக்கை யார் தலையில் கட்டினீர்கள்? மச்சினன் என் தலையில்!

வளர்த்தேன் அத்தான், எப்படி வளர்த்தேன்! செடி கூரையைத் தாண்டியது. மொட்டைப் பலாப்பிஞ்சு என்று நினைத்து ஒரு குரங்கு வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் முத்தலை" என்று போய்விட்டது.

செல்வி வருவதற்கு முந்தின சாயங்காலம் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. விடிந்தால் உறைபனி என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? ஒரே பனியில் டேலியா கருகிவிடும். சாக்கைப் போர்த்தினேன், பாதிக்குத்தான் எட்டியது. என் கம்பளி என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதிலுள்ள ஓட்டைகளைச் சேர்த்தால் இன்னொரு கம்பளி தைக்கலாம். அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, அத்தான் கோட்டைக் கொஞ்சம் தாயேன்."

"எதுக்குலே?"

"செடிக்கு."

"பெட்டியத் தொட்டே, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். மனுசன் போட்ட கோட்டு, செடிக்காம்ல செடிக்கு!"

நீங்கள் போனதிலிருந்து அந்தத் தகரப்பெட்டியை அவள் திறக்கவே இல்லை. உங்கள் செடிப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. நான் வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்தது. பனியா அது? குழாயில் தண்ணீர் குச்சி குச்சியாக வந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மா விறகு என்று அதை ஒடித்துக் கட்டி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். செடி என்ன ஆயிற்றோ என்று கதவைத் திறந்தால், வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள்! அதே கோட்டு. கழுத்துவரை பொத்தான். தலையில் மங்கி குல்லா.

"அத்தான்!" என்று அலறிச் சாக்கடையில் விழுந்தேன். காலைப் பெரட்டில் ஆள் எண்ணப் போய்க்கொண்டிருந்த கங்காணி, பழக்கதோஷத்தில், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு வேலைக்கு வரலியா?" என்று கேட்டார். நாலடி போனதும்தான் உங்களை அடக்கம் பண்ணியது நினைவு வந்தது. மூணாறு கடைத்தெருவில் போய்த்தான் நின்றாராம்.

வெயில் ஏறியதும் அக்கா வந்தாள். ராத்திரியே தான் செடிக்கு மாட்டிவிட்ட கோட்டை ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். சுற்றியிருந்த செடிகள் எல்லாம் கருகிக் கிடந்தன. உங்களுடையது பச்சையாக நின்றது.

"ஒங்க அத்தானும் இப்படித்தான். நான் போட்டுவிட்டாத்தான் கழுத்துப் பொத்தான். இல்லாட்டி தெறந்து போட்டுட்டு இருமிக்கிட்டே திரியும்" என்றாள். அப்புறம் என் கோலத்தைப் பார்த்து, "போய்க் குளிலே, நாறுது" என்று சிரித்தாள்.

அதன்பிறகு தினமும் பொழுது சாய்ந்தால் கோட்டு மாட்டிவிடுவது அவள் வேலை. கிறிஸ்துமஸ் அன்று செல்வி கண் முன்னாலேயே மொட்டு விரிந்தது. குடை அகலப் பூ! மறையூரிலிருந்து தேனீக்கள் பஸ் பிடித்து வந்தன. கண்டக்டர் எல்லாவற்றுக்கும் அரை டிக்கெட் போட்டார். நிறமா? மஞ்சள். "அப்பா தோத்துட்டாங்கன்னு எழுதுங்க மாமா" என்கிறாள் உங்கள் மகள். எழுதிவிட்டேன்.

தண்டு காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி மணலில் போட்டுவைத்து, மழைக்கு முன்னால் அதே இடத்தில் ஊன்றுவேன். ஒவ்வொரு வருஷமும் ஊன்றுவேன், அத்தான். இது சத்தியம்.

சரி, உங்களிடம் மறைப்பானேன். குரங்கு வரவில்லை. கங்காணி ஓடவில்லை. பூவும் சாசர் அளவுதான். ஆனால் அந்தக் கழுத்துப் பொத்தான் சங்கதியில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு வாய்த்த ஒரே மச்சினன்,
செல்வியின் தாய்மாமன்,
சுடலைமுத்து