சிவப்புப் பொத்தானும் உன் அம்மாவின் திட்டும்

இயேசு மரி சூசை துணை
ராயபுரம், ஆகஸ்ட் 2003

அன்பே இல்லாத மருமகன் பிராங்கிளினுக்கு, தாய்மாமன் சவரிநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், மஸ்கட்டில் நீயும் உன் பெண்டாட்டியும் நலமாக இருந்து தொலையுங்கள், குழந்தை மெர்லின் மட்டும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். இப்போது நான் எழுதப்போவதை அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி பிடித்துச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான். நீயும் நம்பாதே.

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்தாய், பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டுப் போட்டோ அனுப்பினாய். பெற்றவளுக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்கத் துப்பில்லை, ஆனால் பிள்ளை தூங்க அவளுடைய தாலாட்டு வேண்டுமாம், அதைப் பதிய உன் சிநேகிதன் கையில் கம்ப்யூட்டரும் மைக்கும் என் வீட்டில் வந்து இறங்கின. மென்பொருளை மட்டும் நான் வாங்க வேண்டுமாம், அதுவும் சினிமா ஸ்டூடியோவில் இருப்பதுதான் வேண்டுமாம். வாங்கினேன். அதை ரிச்சி தெருவிலிருந்து தூக்கிவரத் துறைமுகத்துக் கிரேன் இரண்டு வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் எண்ணூர்வரை கரண்டு போனது. திரையில் ஒலி பதிய அறுபத்து நாலு வரிசை, வரிசைக்கு வரிசை சென்ட்ரல் ஜெயிலைவிட அதிகக் கதவு, எதைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு கேள்விதான் வந்தது, குரல் மட்டும் உள்ளே போகவில்லை. ஒருத்தி பாட ஒரு வரிசை போதாதா, உன் மூளையில் எத்தனை வரிசைடா காலி?

கடைசியில் பக்கத்து வீட்டு லியாகத் அலிதான் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். ஒரு சிவப்புப் பொத்தான், அமுக்கினால் பதியும், இன்னொன்றை அமுக்கினால் நிற்கும், பதிந்தது அலை அலையாகத் தெரியும், வேண்டாததைத் துடைத்துக்கொள்ளலாம். நீயும் அங்கே வீட்டிலேயே ஸ்டூடியோ வைக்கப்போவதாகக் குதிக்கிறாயே, முதலில் இதைப் பழகு, இது போதவில்லை என்றால் அப்புறம் அந்த ஜெயிலுக்குள் போ.

உன் அம்மாவை மைக் முன்னால் உட்காரவைத்தேன். மூஞ்சியே காட்டாத பையனுக்கு இன்னாத்துக்குப் பாட்டு, வோணும்னா வூட்டுக்கு வந்து கேட்டுக்கினு போவச் சொல்லு என்றாள். சரிக்கா, பாட்டு வேணாம், மைக்கு வேலை செய்யுதான்னு பாக்கணும், அவன நாலு திட்டு திட்டு என்றேன். அவள் திட்டிய திட்டில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நாணிச் சாய்ந்தது, காசிமேட்டில் கரை சேர்ந்த விசைப்படகெல்லாம் பயந்து திரும்பவும் கடலுக்கு ஓடின. திட்டி முடித்து, போதும், பொட்டிய அமத்துடா என்றாள். டிவியை அணைப்பதுபோலத் திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து போட்டால் அலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையை அணைத்தால் கம்ப்யூட்டர் அணையாதாம், லியாகத் அலி உருண்டு உருண்டு சிரித்தான்.

பதிந்ததை ஏற்றிய சிடி இத்துடன் வருகிறது. திட்டைத் துடைத்துத் தரட்டுமா மாமு என்று லியாகத் அலி கேட்டான், கையை எடு என்றேன். முழுசாக வாங்கிக்கொள், அதைத் தாண்டித்தான் மிச்சம் இருக்கிறது. பதிந்தது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் என் காலை உடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளுக்குப் போன் போடு, இல்லையென்றால் அந்தக் கிரேனை மஸ்கட்டுக்கே அனுப்பி உன்னைத் தூக்கிவரச் சொல்வேன். மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், உன்னைக் கடைசியாக.

கிரேன் பொய், கரண்டு போனது பொய், படகு ஓடியதும் பொய். நான் டீக்குப் போன பிறகு, அணைந்த திரைக்கு முன்னால் ஒண்டியாக உட்கார்ந்து, மெர்லின் பெயரைச் சொல்லி அவள் தாலாட்டை முழுசாகப் பாடியிருக்கிறாள். அது ஒன்றுதான் நிஜம்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத தாய்மாமன்
சவரிநாதன்