கவுண்டர் மூடிய பிறகு ஓடி வந்தவர்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
14.8.2025

ஆகாய மார்க்கத்தின் அதிபதியும், தில்லி விமான நிலையத்துக் கவுண்டர்களின் மகாராணியும், பெட்டியின் எடையைப் பார்வையாலேயே சொல்லிவிடுபவளுமான வீணாக் கண்ணுவுக்கு, ரிட்டையரான பஸ் கண்டக்டரும் உன் ஒரே தாய்மாமனுமான கோவிந்தப்பா எழுந்து நின்று சலாம் வைத்து எழுதிக்கொண்டது.

நான் நலம். உன் அம்மாவும் நலம். அக்கா என்னைத் திட்டினால் ரிச்மண்ட் டவுனில் தூங்குகிற நாய்கள் எழுந்து உட்காருகின்றன, அவ்வளவு நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போன வாரம் பேச்சு நடுவில், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று பழக்கதோஷத்தில் என்னையே நிறுத்திவைத்தாயே, நீ திரும்பி வருவதற்குள் எனக்கு இரண்டு முறை தாடி வளர்ந்துவிட்டது. கடிதத்தை ஹோல்டில் போட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கவுண்டர் மூடிய பிறகு ஓடி வந்த ஒரு பெண்மணியைத் திருப்பி அனுப்பினேன், அவள் அழுதாள் என்று சொன்னாய். "ரூல், மாமா" என்றாய். நான் ஊதிய விசிலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஊதினால் நந்தி மலை நகர்ந்து கோலாருக்குப் போய்விடும். ஆனால் ஒருத்தன் ஓடி வருவது தெரிந்தால் மட்டும் ஊத மாட்டேன். டிரைவர் ரவிக்குமார் கத்துவான்: "யோவ், விசில முழுங்கிட்டியா?" "ஆமாம்பா, தொண்டையில மாட்டிக்கிச்சு" என்பேன். ஒரு தடவை ஒரு கர்ப்பிணிக்காக நிறுத்தினோம். அவள் ஏறி உட்காருவதற்குள் பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் சேர்ந்து, ஸ்டூடண்ட் பாஸும் வாங்கிவிட்டது. உலகம் அழிந்ததா? எனக்கு ஒரு மெமோ வந்தது, அவ்வளவுதான்.

ஓடி வருகிறவளைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதிவிட்டாயே, தாயே!

தரையில் மட்டும் ராஜாவான,
மாமா

தில்லி
23.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை கேன்டீனில் படித்தேன். கர்ப்பிணி கதையில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

ஆனால் மாமா, பஸ் நின்றால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். இங்கே கவுண்டர் மூடியதும் ஆள், பெட்டி எடைக் கணக்கு விமானிக்குப் போய்விடும். மறுபடி திறக்க சூப்பர்வைசர் சொல்ல வேண்டும், அதாவது நான். திறந்தால் ஏன் என்று மேலே பதில் எழுத வேண்டும். ஒருத்தருக்குத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர், "அப்போ எனக்கு?" என்பார். அந்தம்மா முகம் எனக்கு மறந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்?

பரிவு காட்டுவது எப்படி என்று எங்களுக்கு ஒரு நாள் முழுக்க வகுப்பே எடுத்தார்கள். தலையை லேசாகச் சாய்த்து, "உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, முடியாது என்று சொல்ல வேண்டும். இப்போது அதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தசராவுக்கு வருகிறேன். ஸ்டாஃப் டிக்கெட் என்பதால் ஸ்டாண்ட்பைதான். காசு கொடுத்தவர்கள் எல்லாம் ஏறி, சீட் மிஞ்சினால் எனக்கு. அதனால் அம்மாவிடம் தேதி சொல்லிவிடாதீர்கள். டயாலிசிஸுக்கு ஒழுங்காகப் போகிறாளா? நீங்கள் எழுதும் "நலம்" மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அன்புடன்,
வீணா

ஆஸ்டின் டவுன்
20.9.2025

மகாராணிக்கு,

இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், பக்கத்தில் உன் அம்மா படுத்திருக்கிறாள்.

இந்த டயாலிசிஸ் மெஷினை அவள் உடம்பு இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லக் கூடாது என்று அக்கா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். வழுக்கைத் தலை, சத்தியம் நிற்கவில்லை.

"டேய் கோவிந்தா, அவ எப்படா வரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஸ்டாண்ட்பை என்றால் என்ன என்று விளக்கினேன். "என்னடா அக்கிரமம், வேல செய்யற எடத்துலயே அவளுக்கு ஒக்கார எடம் கெடையாதா?" என்கிறாள். உங்கள் கம்பெனி முதலாளி அந்த நேரம் எதிரில் இருந்திருந்தால் தன் சீட்டையே எழுந்து கொடுத்திருப்பான்.

தசரா வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஃபுட்போர்டில் தொங்கியாவது வந்துவிடு, கண்ணு.

மாமா

தில்லி
19.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

காரியம் முடியும்வரை வீட்டில்தான் இருந்தேன். "சாப்ட்டியா?" என்பதைத் தவிர நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் காலையிலேயே வரவில்லை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே லீவு எழுதிக்கொடுத்தேன். தசரா விடுமுறைக் கூட்டம். காசு கொடுத்தாலும் டிக்கெட் இல்லை. முதல் நாள் முழுக்க நின்று பார்த்தேன், ஒரு சீட் மிஞ்சவில்லை. மறுநாள் காலை விமானத்துக்கு ஒருவர் வரவில்லை. கவுண்டரை மூடி, அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். போர்டிங் பாஸ் கைக்கு வந்துவிட்டது, மாமா.

அப்போது அந்த வராத பயணி ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பில்லை. "மேடம், எங்கம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, மேடம்" என்று தமிழில் சொன்னார். தில்லியில் அது யாருக்குப் புரியும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கவுண்டரில் இருந்த ஸ்னேஹா தலையை லேசாகச் சாய்த்தாள். நான் சொல்லிக்கொடுத்தது. அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் யூனிஃபார்மில் இல்லை. பேசாமல் நடந்திருக்கலாம். "திற, பதில் நான் எழுதறேன்" என்று சொல்லி, பாஸை அவள் மேசையில் வைத்துவிட்டேன்.

அடுத்த விமானத்தில் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதில் இடமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மாலையில் கிடைத்தது. நான் வாசலில் இறங்கியபோது நீங்கள் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்திக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் மேல் பழி போடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் உங்கள் விசில் ஞாபகம் வந்தது. நான் செய்தது சரியா, மாமா?

வீணா

ஆஸ்டின் டவுன்
28.10.2025

வீணா,

பட்டம் எதுவும் தோன்றவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை மடித்து வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். அந்தக் கர்ப்பிணி கதையை உனக்கு எழுதியவன் கையை உடைக்க வேண்டும். நான் பஸ்ஸை நிறுத்திய நாளில் என் வீட்டில் யாரும் சாகக் கிடக்கவில்லை. மெமோ வாங்குவது வேறு, கண்ணு. இது வேறு.

அன்றைக்கு மத்தியானம் அக்கா கண்ணைத் திறந்து, "வந்துட்டாளா?" என்றாள்.

"வந்துட்டாக்கா. பிளேன் நம்ம ஆஸ்டின் டவுன் மேலதான் சுத்திக்கிட்டிருக்கு. ஃபுட்பால் கிரவுண்டுல பசங்க ஆடறானுங்க. நகந்தானுங்கன்னா எறங்கிடும்" என்றேன்.

சிரித்தாள். "அவனுங்க நகர மாட்டானுங்கடா" என்றாள். அப்புறம் பேசவில்லை.

எவ்வளவு புளுகியிருக்கிறேன் வாழ்க்கையில். அந்த ஒன்றையாவது நிஜமாக்க முடிந்ததா என்னால்?

நீ செய்தது சரியா என்றால் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்குத் தில்லியைக் குதுப் மினாரோடு பிடுங்கி எறியலாம். ஒரு செருப்போடு ஓடி வந்தான் என்று நீ எழுதியிருக்கிறாய், அந்த இடம் வந்ததும் ஆத்திரமும் பட முடியவில்லை.

ஒன்று மட்டும் விசாரித்து எழுது. அவன் போய்ச் சேர்ந்தானா?

மாமா

தில்லி
5.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பயணிகளைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்பது கம்பெனி ரூல். அவர்கள் நம்பரை எடுத்துப் போன் செய்வது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் செய்துவிட்டேன், பெயரை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.

போய்ச் சேர்ந்தாராம். அவர் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லையாம். "யாருப்பா நீ, காலுல செருப்புகூட இல்லாம?" என்று கேட்டார்களாம். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். மறுநாள் விடியும்வரை விடவில்லையாம்.

இந்த மாதக் கடைசியில் வருகிறேன். ஸ்டாண்ட்பைதான். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கவுண்டரைத் திறந்ததற்கு எனக்கும் மெமோ வந்திருக்கிறது.

உங்கள்,
வீணா