அவள் கொடுத்ததும் அக்கா கொடுத்ததும்

மார்ச் 6
முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். முதுகு பரவாயில்லை. வயிறுதான் கல்லாகக் கிடக்கிறது. மருத்துவர் தினமும் வந்து கேட்பது ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவனிடம் கேட்க வேறு ஒன்றுமே இல்லையா?

மார்ச் 8
பிரிந்தது. வார்டே சந்தோஷப்பட்டது. நாளை வீட்டுக்கு.

மார்ச் 11
மனைவி வேலைக்குப் போனதும் அக்கா வருகிறாள். மனைவி திரும்புவதற்குள் கிளம்பிவிடுகிறாள். இருவரும் பேசி மூன்று வருடம். அக்கா மகள் கல்யாணத்தில் குடும்ப போட்டோவுக்கு என் மனைவியைக் கூப்பிடவில்லையாம். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை ஓடியாடுகிறது. இவர்கள் இன்னும் அந்த போட்டோவை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரையை மனைவி காலையில் ரெண்டு, இரவில் ரெண்டு தருகிறாள். "அது வயித்தக் கெடுக்குதுடா, இதப் போடு" என்று அக்கா மருந்துக்கடையில் வேறு வாங்கி வந்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு தருகிறாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டு வரமாட்டாள். மனைவியிடம் சொன்னால், "அப்ப அவங்களே பாத்துக்கட்டும்" என்பாள். எனக்கு எதற்கு வம்பு? இரண்டையும் விழுங்குகிறேன்.

மார்ச் 15
சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். "நான் சமைச்சா இறங்காதே" என்கிறாள் மனைவி. "அவ சமையல் அப்படி" என்கிறாள் அக்கா. என் வயிற்றில்கூட இவர்கள் சண்டைதான்.

மார்ச் 18
வாந்தி, மூன்று தடவை. தையல் போட்ட இடத்தில் உயிர் போகிறது.

மார்ச் 20
சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தேன். கண் மஞ்சள்.

மார்ச் 21
மறுபடி அதே வார்டு. கல்லீரல் கெட்டிருக்கிறதாம். நாளையும் ரத்த டெஸ்டில் கல்லீரல் பாதிப்பு ஏறினால் பெரிய ஆஸ்பத்திரி. வேறு கல்லீரல் வைக்க வேண்டியிருக்கலாம்.

"வலி மாத்திரை ஒரு நாளைக்கு எத்தன?" என்றார் மருத்துவர்.

"நாலு" என்றாள் மனைவி.

"நாலு" என்றாள் அக்கா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவர் பையிலும் இருந்த மாத்திரை அட்டைகளை மருத்துவர் வாங்கித் திருப்பிப் படித்தார். பெயர்தான் வேறு, மருந்து ஒன்று. ஒரு நாளைக்கு எட்டு என்றால் கல்லீரல் தாங்காதாம். "உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னைக் கேட்டார்.

ஒரே மருந்து என்று தெரியாது. இரண்டு பேரும் கொடுப்பது தெரியும் — எனக்கு மட்டும்தானே தெரியும்? இந்த நோட்டுல எல்லாரையும் திட்டினேன். முட்டாப்பய நான்தான். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 22
ஏறவில்லை. இறங்கவும் இல்லை. பயமா இருக்கு.

மார்ச் 24
பாதியாகக் குறைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டாமாம்.

மார்ச் 25
மத்தியானம் அக்கா வந்தாள். மனைவி எழுந்து போகவில்லை. அக்கா அவளிடம், "ரெண்டு பேரும் சேந்து இவனக் கொன்னிருப்போம்" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றாள் மனைவி. நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தாள்.

மாலை வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம்தான் இன்னும் ஒருவரும் பேசவில்லை.