எட்டுப் புள்ளி கேட்டு வந்த பியர்

மச்சான்,

போத்தல் மூடியைத் திறந்ததும் பாண் போறணை வாசம் வந்தது. விடிய வெள்ளென பேக்கரிப் பக்கமாகச் சைக்கிளில் போனால், மா புளித்துப் பாண் வேகத் தொடங்குகிற நேரத்தில் மூக்கைப் பிடித்து இழுக்குமே, அதே வாசம். அதற்குப் பின்னால் மெல்லியதாகத் தோடம்பழத் தோல், அந்த ஆரஞ்சு வாசம். நான் போத்தல் வாயில் மூக்கை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய பிறகுதான் அது உன் பழக்கம் என்று உறைத்தது. ஒரு கண்ணை மூடினால் மூக்குக்கு வலு கூடும் என்று விசர்க் கதை சொல்லுவாய். நான் நம்பியதே இல்லை. ஆனாலும் மூடியிருந்தேன்.

நீ போய் ஒரு வருசமாகிவிட்டது. உன் ஆட்டத்திவசத்துக்கு உன் மகள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அரியாலையில் உன் வீட்டில் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. மோதகத்துக்கு மட்டும் நீ பத்துக்கு ஐந்து புள்ளிக்கு மேல் போட்டிருக்க மாட்டாய். பயறு அவியவில்லை. மறுநாள் பின்னேரம் அவள் புத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஐஸ் பெட்டி, அதற்குள் லேபல் ஒட்டாத போத்தல்கள்.

"மாமா, இது நான் காய்ச்சினது. கோதுமை போட்ட லாகர் பியர். உங்களட்டைப் புள்ளி கேட்டு வந்தனான்" என்றாள்.

உணவுத் தொழில்நுட்பம் படித்த பிள்ளை பிஸ்கட் கம்பனியை விட்டுவிட்டு, பியர் காய்ச்சுகிற ஒரு சின்ன இடத்தில் போய்ச் சேர்ந்தபோது ஊர் என்ன பாடு பட்டது! ஒரு கலியாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் இரகசியம் பேசுவதுபோலக் குனிந்து, "உம்மடை பிள்ளை இப்ப எங்கை வேலை?" என்று உன்னைக் கேட்டார். நீ பந்தி முழுக்கக் கேட்கும்படி, "பியர் காய்ச்சுறாள். அடுத்தமுறை வரேக்கை உமக்கும் ரெண்டு போத்தல் கொண்டுவரச் சொல்லட்டோ?" என்றாய். அந்த மனிதர் அதற்குப் பிறகு சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வெளியே வந்து கை கழுவும்போது என்னிடம் மட்டும், "அவள் சொந்தமாக் காய்ச்சினா, முதல் போத்தல் எனக்குத்தான்ரா" என்றாய். சொந்தமாகக் காய்ச்சுகிற பொறுப்பு அவள் கையில் வந்தபோது நீ இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உன்மேல் கோபம்தான் வருகிறது.

நீ கணக்கு வாத்தியார். நான் தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறவன். ஒரே வகுப்பில் படித்ததை விட்டால், எங்களைச் சேர்த்து வைத்தது ஞாயிற்றுக்கிழமைக் கள்ளுத் தவறணைதான். பனையோலைப் பிளாவில் கள்ளை வார்த்துத் தந்ததும் நீ மணப்பாய், ஒரு மிடறு குடிப்பாய், பிறகு வானத்தைப் பார்ப்பாய். வார்த்த மனிதர் சோதனை மறுமொழிக்கு நிற்கிறவர் மாதிரி உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "ஆறரை. செய்கை சரி, விடை பிழை" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடிப்பாய். அடுத்த வாரம் அவர் எங்களுக்கென்று வேறு கள்ளுக் கலக்காத ஒற்றைப் பனைக் கள்ளை எடுத்து ஒளித்து வைத்திருப்பார்.

கள்ளோடு நின்றாயா? சலூனில் வெட்டிய தலை, கோயிலில் அடித்த மேளம், நான் பூட்டிய பம்பின் சத்தம் எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி. என் கலியாணத்தன்று மாமனார் ஆசையாக வந்து, "சாப்பாடு எப்பிடித் தம்பி?" என்று கேட்க, "பாயாசம் நாலு" என்றாய். அவர் கடைசிவரைக்கும் உன் பேரைச் சொன்னதில்லை. "அந்தப் பாயாசக்காரன் வந்தவனோ?" என்றுதான் கேட்பார். உன் மனைவியின் சமையலுக்கு மட்டும் நீ புள்ளி போடுவதில்லை. ஏனென்று கேட்டால், "நான் உயிரோடை இருக்கிறது உனக்குப் பிடிக்கேல்லையோ?" என்பாய்.

எட்டை நீ எதற்கும் போட்டு நான் கண்டதில்லை. ஏனடா இந்தக் கஞ்சத்தனம் என்று ஒருநாள் ஏசினேன். "பத்தைக் குடுத்திட்டா அவன் நாளைக்கு என்னத்துக்குக் கவனமா இருக்கப் போறான்?" என்றாய். அப்போது எனக்கு அது உன் வாத்தியார்க் குணமாகத்தான் பட்டது.

சரி, பியருக்கு வருகிறேன். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உன் மகள் என் முன்னால் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏதோ வழக்குப் பேச வந்தவள் போலிருந்தது.

"மாமா, இதுக்கு அப்பான்ரை பேரை வைக்க எனக்கு விருப்பம். முதலாளியும் ஓம் எண்டிட்டார். ஆனா எட்டு எடுத்தாத்தான் வைப்பன். அப்பா இருந்தா எத்தினை போடுவார் எண்டு சொல்லக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான். பொய் சொல்லக்கூடாது."

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வர, எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டாள். நான் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் மண்டி படிந்திருந்தது. கள்ளுக் குடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? போத்தலை அசைக்காமல் மெதுவாகச் சரித்து, மண்டி முழுவதையும் அடியிலேயே விட்டேன். அதற்கும் மேலாக, குசினியிலிருந்து தேத்தண்ணி வடியை எடுத்துவந்து அதற்குள்ளால் கிளாசில் வார்த்தேன். பளிங்காக, பொன்னிறத்தில் வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. போன பிறகு வாயில் ஒன்றும் இல்லை. மூக்குக்கு அவ்வளவு ஆசை காட்டின சாமான் நாக்குக்கு வெறும் தண்ணியாகப் போய்விட்டது. இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தேன். ஐந்தரை. எப்படிக் கூட்டினாலும் ஐந்தரைதான்.

குசினியில் கணவாய் மீன் கறி பிரட்டிக்கொண்டிருந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். "இஞ்சாருங்கோ, பிள்ளை பாவம். எட்டெண்டு சொல்லி விடுங்கோ. அவர் என்ன எழும்பி வந்தோ கேக்கப் போறார்?" என்று கிசுகிசுத்தாள். எனக்கும் சொல்லிவிடத்தான் மனம். ஆனால் அந்தப் பேரை நீ எழும்பி வந்து கேட்கமாட்டாய் என்ற துணிவில் ஒட்டுவதா? போத்தலைக் காணும்போதெல்லாம் எனக்குத் தொண்டைக்குள் இறங்குமா? உன்னை மனதுக்குள் நல்லாய்த் திட்டினேன். இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனவன் நீதானே.

உன் மகள் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். வடியைப் பார்த்தாள். போத்தலின் அடியைப் பார்த்தாள்.

"ஐயோ மாமா! என்ன உது? மண்டியை ஏன் விட்டனீங்கள்? கோதுமையின்ரை குணம் முழுக்க உதுக்குள்ளைதானே கிடக்கு! வடியாலை வேறை வடிச்சிருக்கிறியள்!"

"கள்ளு மாதிரி நினைச்சுப் போட்டன் பிள்ளை."

"நல்ல காலம், கள்ளு வடிக்கிற பன்னாடை தேடிப் பனையடிக்குப் போகேல்லை!" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவள் நிற்க முடியாமல் நிலத்தில் குந்திவிட்டாள். சிரித்துக்கொண்டே, "அப்பாவும் உதைத்தான் செய்திருப்பார்" என்றாள். ஓம் மச்சான், நீயும் அதைத்தான் செய்திருப்பாய். செய்துவிட்டு ஐந்து போட்டுமிருப்பாய்.

இரண்டாவது போத்தலை அவளே எடுத்தாள். படுக்கவைத்து உள்ளங்கையால் மெல்ல உருட்டி, மண்டி கலங்கிய பிறகு வார்த்தாள். மா கரைத்த தண்ணி மாதிரிக் கலங்கல், மேலே வெள்ளையாக நுரை. இந்தமுறை வாசம் வாய்க்குள்ளும் கூடவே வந்தது. கோதுமையை வாயில் போட்டு மென்றால் கடைசியில் ஒரு சின்ன இனிப்பு வருமே, அது வந்தது. பிறகு தோடம்பழத் தோலின் மெல்லிய கசப்பு. வயிற்றை நிறைக்கவில்லை, தலையில் ஏறி உட்காரவில்லை. கதைத்துக்கொண்டே பார்த்தால் கிளாஸ் அரைவாசி. இவ்வளவு இலேசாகக் குடிபடுகிற பியரை நான் குடித்ததில்லை.

எட்டு என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் ஏழுக்கு மேலே போகிறதென்றால் கறியோடு குடித்துப் பார்க்காமல் புள்ளி போடக்கூடாது என்பது உன் சட்டம். கணவாய்ப் பிரட்டல் வரும்வரை காத்திருந்தேன். என் மனைவி இடிக்கிற மிளகாய்த்தூள் உனக்குத் தெரியும். கண்ணில் தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தேன். எரிவு நல்லாய் அடங்கியது. ஆனால் பியரின் கோதுமையையும் காணோம், தோடம்பழத்தையும் காணோம். திரும்பவும் பார்த்தேன். காணவே காணோம்.

"ஏழரை" என்றேன்.

"வேறை இலக்கம் கிடைக்கேல்லையே உங்களுக்கு!" என்று மனைவி தலையில் கைவைத்தாள். உன் மகளுக்குக் கண் நிரம்பிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப் போகலாம் போலிருந்தது.

"அரை எங்கை போனது மாமா?"

"உறைப்புக்கு முன்னாலை நிண்டு பிடிக்கேல்லை பிள்ளை. கொஞ்சம் பயந்து பயந்து காய்ச்சியிருக்கிறாய்."

கணவாயில் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டு, தன் கிளாசில் ஒரு மிடறு குடித்தாள். உன்னைப் போலவே மேலே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "ஓம். காணேல்லைத்தான். அப்பா எண்டாலும் ஏழரைதான் போட்டிருப்பாரோ?"

"கொப்பர் எண்டா ஏழு. அரை நான் போட்டது."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குப் புரைக்கேறிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எட்டெண்டு சொல்லிப் போடுவியளோ எண்டு பயந்துகொண்டுதான் வந்தனான் மாமா. அங்கை எல்லாரும் பத்து, பத்து எண்டுதான் சொல்லுகினம். அப்பா போனாப் பிறகு எனக்குக் குறைச்சுப் போட ஒருத்தரும் இல்லை."

உன் பேரை இப்போதைக்கு வைக்கவில்லை. மால்ற் தானியத்தைக் கூட்டித் திரும்பக் காய்ச்சப் போகிறாளாம். மிச்சமிருந்த கணவாயை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோசமாகத்தான் போனாள். நீ அந்தத் தவறணையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது கஞ்சத்தனம் இல்லை என்று எனக்கு அவளை வாசல் படலையில் நின்று அனுப்பும்போதுதான் விளங்கியது. உனக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி அதுதான். இனி அது என் வேலை.

அன்றிலிருந்து பிரஷர்க் குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன். பின்னேரத்தில் நடக்கவும் போகிறேன். மனைவிக்கு ஒரே ஆச்சரியம். அங்கே தனியாக இருந்து உனக்கு அலுப்படிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்குக் குறைத்துப் போட ஆள் வேணும் மச்சான். நான் வரக் கொஞ்சம் சுணங்கும்.