மொட்டைக்குச் சாட்சி

திருத்தணி,
1942 நவம்பர்

1. இதை எழுதும் நான் சாமிநாதன், பி.எல்.; சென்னையில் நம் கம்பெனியின் சட்டப் பிரிவில் தங்களுக்குக் கீழே பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றியவன்.
2. போர்க்காலத்தில் அனுமதியின்றி ஓடிப்போனவன் என்று தங்கள் கையொப்பத்தால் வேலைநீக்கம் செய்யப்பட்டவன்.
3. சித்திரை மாதம் முழுவதும் தங்களுக்குச் சோறு போட்டவன்.

ஸ்ரீமான் மணவாளன் அவர்கள் சமூகத்துக்கு, நலம் விசாரித்து எழுதுவது.

இங்கு நல்ல மழை. மலையடிக் குளம் நிரம்பியிருக்கிறது. ரத்தினம்மாளுக்கு மூட்டுவலி. தாங்கள் செயலாளராக உயர்த்தப்படவிருப்பதாகவும், ஜப்பான்காரன் குண்டு விழுமென்று நகரமே காலியானபோதும் நாற்காலியை விட்டு அசையாதவர் என்று துரைமார் புகழ்ந்ததாகவும் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி என்று எழுத என் சட்டப் பயிற்சி இடம் தரவில்லை.

ஏப்ரலில் துரைமார் உதகைக்குப் புறப்பட்ட மறுநாள், என்னை ஊருக்குப் போகச் சொன்னவர் தாங்களே. வாய்மொழி உத்தரவு போதுமா என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை என்றீர்கள். அதே ரயிலில் என்னோடு ஏறி, அரக்கோணத்தில் மாறி, என் வீட்டுக்கே வந்து சேர்ந்தீர்கள். உயிர் பிழைத்ததற்காக மலைமேல் முடியிறக்கினீர்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு, துரைமார் திரும்புமுன் சென்னை போய்ச் சேர்ந்தீர்கள். பிரிவில் வேலை ஏன் தேங்கிக் கிடந்தது என்று அவர்கள் கேட்டபோது என் பெயரைச் சொன்னீர்கள். நூறு வருஷக் கம்பெனி. மேலே இருப்பவர் சொன்னால் அங்கே அதுவே நடந்ததாகிவிடும்.

விருந்தாளியைக் காட்டிக்கொடுப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. ரத்தினம்மாள்தான் கேட்டாள்: "நம்ம வூட்ல துன்னுட்டு, நம்மளயே ஓடிப்போனவன்னு எழுதினவரு என்னாங்க விருந்தாளி?" சட்டமும் அவள் பக்கமே. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சாப்பாட்டு இலைமுன் உட்கார்ந்து விருந்தாளி சொன்னதற்கு இல்லை.

தங்களுக்கு முடியிறக்கிய தேசப்பனைப் போய்ப் பார்த்து, நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆங், அந்த ஐயாவா? கத்தி வெக்கிறப்போகூட வானத்தையே பாத்துகினு இருந்தாரே. தலைய குனிங்க சாமி, முருகன் மேல எவன் வந்து குண்டு போடுவான்னேன்" என்று சிரித்தார்.

இதன் நகல் இன்றைய தபாலிலேயே இயக்குநர் குழுவுக்குப் போகிறது. வேலையைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. நம் இருவரையும் எதிரெதிரே வைத்து விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டிருக்கிறேன்.

சமாதானம் பேசத் தாங்கள் இங்கே வரக்கூடும். வந்தால் இலை போடப்படும், பேச்சுக்கு இடமில்லை. தணிகை முருகன் தங்களுக்குத் தீர்க்காயுளும் திடமான உடம்பும் அருளட்டும். விசாரணை நாளன்று தாங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
(ஒப்பம்) சாமிநாதன்

சாட்சிகள்:
ரத்தினம்மாள், மேற்படியாரின் மனைவி
தேசப்பன், மலைக்கோயில் நாவிதர் (இடது பெருவிரல் ரேகை)