இரண்டு செட் மாத்திரை

12, திங்கள்
காலையிலேயே வெயில். மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் பாக்கி: நேவி துணி, மெரூன் துணி, குழந்தைகள் சைஸ் இரண்டு. வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட்.

ஈஸ்வரிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், தலைவலி. "ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாள் லீவு சொல்லீரட்டுங்களா?" அவள் வேலை பார்க்கும் செக்கிங்கில் ஏற்கெனவே மூன்று பேர் வரவில்லை. கட்டிங் மாஸ்டர் மனைவியே லீவு போட்டால் நான் யாரை அதட்டுவது? ஷிப்மென்ட் போகட்டும், அப்புறம் லீவு போடலாம் என்றேன். ராயபுரம் மருந்துக்கடையில் ஒரு செட் வாங்கி வந்தேன். வழக்கம்தான். காய்ச்சல் என்று சொன்னால் போதும், நாலைந்து மாத்திரையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். என்ன மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை. மதியம் காய்ச்சல் விட்டது. முழு ஷிப்டும் பார்த்தாள்.

13, செவ்வாய்
மறுபடி ஒரு செட். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கம்பெனி வேனில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். ஒரு வாந்தி. நேற்றைய பரோட்டாவாக இருக்கும். மெரூன் முடிந்தது.

14, புதன்
பதினோரு மணிக்கு செக்கிங் டேபிளில் தலை சாய்த்துவிட்டாள். என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பயந்துவிட்டேன். கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரி.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கழுத்தை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை, முழங்கால்தான் தானாக மேலே வந்தது. "மெனிஞ்சைட்டிஸா இருக்கலாமுங்க. மூளை, தண்டுவடத்தச் சுத்தியிருக்கற உறையில கிருமி." ஸ்கேன். ரத்தம் எடுத்த கையோடு ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் ஊசி. அடுத்து முதுகில் நீர் எடுக்க வேண்டுமாம்.

"இதுக்கு முன்னாடி ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாங்களா?"

பக்கத்தில் மாமியார். அவிநாசிபாளையத்திலிருந்து பஸ் ஏறி அப்போதுதான் வந்திருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

முதுகு ஊசிக்கு மாமியார் ஒப்பவில்லை. "தண்டுல குத்துனா காலு ரெண்டும் உழுந்துருமுங்க மாப்ள." டாக்டர் காகிதத்தில் படம் போட்டார். "தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிஞ்சுருதுங்கம்மா. நாங்க குத்தறது அதுக்கும் கீழ. அங்க நரம்பெல்லாம் நூலாட்ட நீர்ல மிதக்கும். ஊசி வந்தா ஒதுங்கிக்கும்." நூல் என்றதும் எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நீர் தெளிவாக இருக்க வேண்டுமாம். லேசாகக் கலங்கியிருந்தது.

15, வியாழன்
மேகமூட்டம். ரிசல்ட்: வெள்ளை அணு அதிகம், சர்க்கரை குறைவு, கிருமி தென்படவில்லை. டி.பி.யாகவும் இருக்கலாமாம். அதற்கும் மருந்து தொடங்கலாமா என்று யோசிக்கிறார்கள். தொடங்கினால் ஒரு வருஷம் வரை ஓடும். டாக்டர் மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முன்னாடியே ஆன்டிபயாடிக் உள்ள போயிருந்தா கிருமி டெஸ்ட்ல சிக்காதுங்க."

மறுபடி மாமியார். மறுபடி இல்லீங்க.

கீழே போய் இரண்டு டீ. இரண்டாவது தேவையில்லை. ஓட்டைத் துணியை கட்டிங் அடுக்குக்குள் மறைத்துப் போட்டவனைப் போன மாதம் எல்லோர் முன்னாலும் திட்டியவன் நான்.

மேலே வந்து மாமியார் எதிரிலேயே டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். மருந்துக்கடைக்குப் போன் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு செட்டிலும் ஆன்டிபயாடிக். டாக்டர் திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமுங்க." மாமியார் என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை.

17, சனி
ஷிப்மென்ட் நேற்றே போய்விட்டதாம். நாங்கள் இரண்டு பேரும் இல்லாமலேயே. டி.பி. இல்லை என்று வந்துவிட்டது. அதே ஊசி, மொத்தம் பதினாலு நாள். காய்ச்சல் 99. காலையில் என்னை "ஏனுங்க" என்றாள். வராண்டாவில் போய் அழுதேன்.

27, செவ்வாய்
தூறல். நாளை டிஸ்சார்ஜ். வீட்டில் சிலிண்டர் தீர்ந்திருக்கும். துவைத்த புடவை கொண்டுவர வேண்டும்.

காது பரிசோதனை செய்தார்கள். வலது காது கேட்கவில்லை. இந்த நோயில் வருவதுண்டாம். திங்கட்கிழமையே கொண்டுவந்திருந்தால்? "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

மாமியார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ஈஸ்வரி இடது காது தலையணையில் பதிய ஒருக்களித்துக் கண்மூடிப் படுத்திருந்தாள். "தப்பு என் மேலதான் ஈஸ்வரி. அன்னிக்கே உன்னய லீவு போட உட்டிருக்கோணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் படுத்தாள். நான் இருப்பதைப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கறீங்களா? ஏதாச்சும் சொன்னீங்களா?"

காபி வேணுமா என்று கேட்டேன் என்றேன்.